மலைநாட்டில் இரசாயனமில்லா வேளாண்மை: மூன்று கணக்குகள்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது நம் பழமொழி. தன் உழைப்பு, வீட்டார் உழைப்பு, மாடு தின்ற தீவனம், மண் இழந்த சத்து ஆகிய எல்லாவற்றையும் செலவுப் பக்கத்தில் எழுதினால் வரவுப் பக்கம் இளைத்துப் போகும் என்பதே இதன் பொருள். சமவெளி உழவனுக்கே நிலைமை இதுவென்றால் மலைச்சரிவில் பயிரிடுபவனைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. அவனுடைய வயல் படிப்படியாக வெட்டிய சிறு துண்டுகள். டிராக்டர் அங்கே ஏறாது. கால்வாய்ப் பாசனம் அரிது. விளைந்ததை விற்கப் பல மைல் இறங்க வேண்டும்.

இத்தகைய மலைநாடுகளில்தான் இன்று இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாத வேளாண்மை பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்படுகிறது. சிக்கிம் மாநிலம் 2003ஆம் ஆண்டில் இந்தப் பாதையில் அடியெடுத்து வைத்தது. இமாச்சலப் பிரதேசம் 2018இல் ‘பிராகிருதிக் கேதி குஷ்ஹால் கிசான்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ‘இயற்கை வேளாண்மை, வளமான உழவர்’ என்று இதைத் தமிழில் கூறலாம்.

இந்த முறையில் உழவருக்கு இலாபம் கிடைக்குமா? சிலர் ‘செலவே இல்லாத வேளாண்மை’ என்று புகழ்கிறார்கள். சிலர் ‘பட்டினிக்கு வழி’ என்று ஒதுக்குகிறார்கள். இரு சாராரும் பெரும்பாலும் ஒரே ஒரு கணக்கைத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் மூன்று கணக்குகள் உண்டு: பணக் கணக்கு, மண்ணின் சத்துக் கணக்கு, உழைப்புக் கணக்கு. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை தெரியும்.

அங்கக முறையும் இயற்கை முறையும்

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். அங்கக வேளாண்மை என்பது இரசாயன உரத்துக்குப் பதிலாகத் தொழுவுரம், மண்புழு உரம், பிண்ணாக்கு போன்றவற்றை நிலத்தில் இடும் முறை. சிக்கிம் மேற்கொண்டது இதுவே. இயற்கை வேளாண்மை என்பது வெளியிலிருந்து எதையும் விலைக்கு வாங்காமல், பண்ணையில் கிடைப்பதைக் கொண்டே பயிரிடும் முறை. மராட்டிய மாநிலத்தின் விதர்பப் பகுதியைச் சேர்ந்த சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறையை ஒட்டியே இமாச்சலத் திட்டம் அமைந்தது.

இம்முறையின் உயிர்நாடி ஜீவாமிர்தம். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ நாட்டுப்பசுவின் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், சிறிது வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண் ஆகியவற்றைக் கலந்து இரண்டு நாள் புளிக்க வைக்கிறார்கள். ஒரு ஏக்கருக்கு இது ஒரு தடவைக்குரிய அளவு. இதனுடன் விதை நேர்த்திக்குப் பீஜாமிர்தம், மண்ணின் மேல் மூடாக்கு, பல பயிர்களைக் கலந்து விதைத்தல் ஆகியவையும் சேரும்.

ஒரு மூட்டையும் 165 கூடைகளும்

பணக் கணக்கிலிருந்து தொடங்குவோம். இந்தியாவில் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றின் விலை ஏறத்தாழ 267 ரூபாய். அரசின் மானியத்தால்தான் இவ்வளவு மலிவு. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். எனவே ஒரு மூட்டையில் சுமார் 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. ஒரு கிலோ தழைச்சத்தின் விலை 13 ரூபாய்தான்.

இதே 21 கிலோவைத் தொழுவுரத்தின் மூலம் கொடுக்க வேண்டுமானால் எவ்வளவு எரு தேவை? நன்கு மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீத அளவில் இருக்கும். அப்படியானால் 4 டன்னுக்குச் சற்று மேல் தேவைப்படும். இமாச்சலத்தில் எருவைக் ‘கில்ட்டா’ எனப்படும் கூம்பு வடிவ முதுகுக் கூடையில் சுமப்பது வழக்கம். கூடைக்கு 25 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 165 நடை ஆகிறது. ஒவ்வொரு நடையும் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும் நடை. இந்தச் சுமையில் பெரும்பங்கு பெண்களின் முதுகில்தான் ஏறுகிறது.

தொழுவுரம் தழைச்சத்தை மட்டும் தருவதில்லை. மணிச்சத்து, சாம்பல்சத்து, நுண்ணூட்டங்கள், மண்ணைப் பஞ்சு போலாக்கும் மட்கு ஆகியவற்றையும் தருகிறது. எனவே யூரியாவையும் எருவையும் எடைக்கு எடை நிறுத்துப் பார்ப்பது முழு நியாயமாகாது. எனினும் மேலே கண்ட கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் வெளிப்படுகின்றன.

ஒன்று, யூரியாவை நிறுத்துவதால் மட்டும் உழவருக்கு மிச்சமாகும் பணம் மிகப் பெரியதன்று. பூச்சிமருந்து, பூஞ்சணமருந்து, களைக்கொல்லி, ஆண்டுதோறும் வாங்கும் வீரிய விதை, இவற்றையெல்லாம் மலைமேல் கொண்டுவரும் கூலி ஆகியவற்றில்தான் மிச்சம் அதிகம். இரண்டு, பணச் செலவு குறையும்போது அதன் ஒரு பகுதி உழைப்புச் செலவாக வேடம் மாறிக்கொள்கிறது. வீட்டார் உழைப்புக்குக் கூலி எழுதாத கணக்கில் இந்தச் செலவு தெரியாது.

ஜீவாமிர்தம் மலையுழவர்களைக் கவர்ந்ததற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. 4 டன் எருவைச் சுமப்பதற்குப் பதிலாக, வயலருகே ஒரு பீப்பாயில் 10 கிலோ சாணத்தைக் கரைத்தால் போதும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அது போதுமா என்பதை இரண்டாவது கணக்குதான் சொல்ல முடியும்.

பிரைமோரும் பாலும்

ஒரு பீப்பாய் ஜீவாமிர்தத்தில் எவ்வளவு தழைச்சத்து இருக்கும்? 10 கிலோ புதுச்சாணத்தில் 30 முதல் 40 கிராம். 10 லிட்டர் கோமியத்தில் 80 முதல் 100 கிராம். 2 கிலோ பயறு மாவில் 70 கிராம். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 200 கிராம். மாதம் இருமுறை வீதம் நான்கு மாதங்களில் எட்டு முறை ஊற்றினாலும் ஏக்கருக்கு 1.6 கிலோ அளவுதான் சேரும்.

கோதுமைப் பயிரின் தேவையோ இதைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு டன் கோதுமை விளையப் பயிர் மண்ணிலிருந்து சுமார் 25 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஏக்கருக்கு 700 கிலோ விளைச்சல் என்றால் தேவை 17 கிலோவுக்கு மேல். ஆகவே ஜீவாமிர்தத்தை உரம் என்று கொண்டால் கணக்கு உதைக்கும்.

இயற்கை முறையினரும் அதை உரம் என்று சொல்வதில்லை. அது நுண்ணுயிர்களைப் பெருக்கும் பிரை என்பது அவர்கள் வாதம். வீட்டில் தயிர் தோய்க்கும் முறையோடு இதை ஒப்பிடலாம். ஒரு பானைப் பாலை உறைய வைக்க ஒரு கரண்டி பிரைமோர் போதும். ஆனால் பானையில் பால் இருக்க வேண்டும். வெறும் தண்ணீரில் எவ்வளவு பிரை ஊற்றினாலும் தயிர் ஆகாது. மண்ணில் அந்தப் பால் எது? மட்கும் மூடாக்கும் வேர்களும்தான். இவை நிறைந்த நிலத்தில் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்துப் பயிருக்கு ஊட்டம் தரும். இவை இல்லாத நிலத்தில் பிரையினால் மட்டும் பெரும்பயன் விளையாது.

அந்த மட்கு முடிந்துபோகாமல் புதுப்பிக்கப்பட வேண்டும். தழைச்சத்துக்கு இயற்கையிலேயே ஒரு வழி உண்டு. பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. பயறுச் செடியின் உலர்ந்த தழை ஒரு டன் உண்டாகும்போது பொதுவாக 20 கிலோ அளவுக்கு நைட்ரஜன் காற்றிலிருந்து நிலைப்படுத்தப்படுகிறது. இதில் பெரும்பங்கு பருப்போடு வெளியே போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தழையும் வேரும் நிலத்துக்குத் திரும்பினால்தான் அடுத்த பயிருக்குப் பங்கு கிடைக்கும்.

இமயமலை உழவர்கள் இதைப் பல தலைமுறைகளாகவே கையாண்டிருக்கிறார்கள். மக்காச்சோளத் தட்டையில் ராஜ்மா அவரைக் கொடியைப் படரவிடுவது அங்கே பழைய பழக்கம். உத்தராகண்டின் கட்வால் பகுதியில் ‘பாராநாஜா’ என்ற முறை உண்டு. பன்னிரண்டு தானியங்கள் என்பது இச்சொல்லின் பொருள். கேழ்வரகு, கீரைத்தண்டு விதை, ராஜ்மா, உளுந்து, கொள்ளு போன்றவற்றை ஒரே வயலில் கலந்து விதைப்பார்கள். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும். மழையை மட்டுமே நம்பிய நிலத்தில் இது ஒருவகைக் காப்பீடு. இமாச்சலத்தில் பயிரிடும் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு மழையை நம்பியிருப்பதால் இந்தக் காப்பீட்டின் மதிப்பு பெரிது.

மணிச்சத்தான பாஸ்பரசின் நிலை வேறு. அதைக் காற்று தராது. மண்ணில் கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரசை நுண்ணுயிர்களும் வேர்ப்பூஞ்சணங்களும் கரைத்துக் கொடுக்கும். ஆனால் ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாகக் காய்கறியை நகரத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் இருப்பு கரையத்தான் செய்யும். காட்டுச் சருகை மாட்டுக்கொட்டிலில் பரப்பி எருவாக்கி வயலுக்குக் கொண்டுவருவது மலையுழவர்களின் பழைய விடை. வயலின் வளத்தில் ஒரு பங்கைக் காடு கொடுத்துவந்தது என்று சொல்வது மிகையாகாது. காடு குறைந்த ஊரில் இந்தக் கணக்கில் துண்டு விழும்.

வைக்கோலுக்கு இரண்டு வாய்

மூடாக்கு இடுக என்று எழுதுவது எளிது. மலையில் மூடாக்குக்கு எங்கே போவது? கோதுமை வைக்கோலும் மக்காச்சோளத் தட்டையும் பனிக்காலத்தில் பசுவின் உணவு. வைக்கோலை மண்ணுக்குப் போட்டால் பசு பட்டினி. பசுவுக்குப் போட்டால் மண் வெறுமை. பசு இல்லாவிட்டால் சாணமும் இல்லை, ஜீவாமிர்தமும் இல்லை. ஆகவே மலையில் இயற்கை வேளாண்மையின் உண்மையான எல்லைக்கோடு பெரும்பாலும் தீவனமே. வரப்பில் புல்லும் தீவன மரமும் வளர்த்து, பழத்தோட்டத்து அடிப்புல்லை அறுத்து அங்கேயே பரப்பும் குடும்பம் இந்த முட்டுக்கட்டையைத் தாண்டிவிடுகிறது. தீவனத்தை விலைக்கு வாங்கும் குடும்பத்துக்கு ‘செலவில்லா’ வேளாண்மை செலவுள்ளதாகவே முடியும்.

உழைப்புக் கணக்கும் இதையே சொல்கிறது. கரைசல் தயாரித்தல், களையெடுத்தல், பசுவைப் பேணுதல், பல பயிர்களைத் தனித்தனியே அறுத்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கை வேண்டும். இளைஞர்கள் வேலை தேடி நகரத்துக்கு இறங்கிவிட்ட ஊரில் மிஞ்சியிருக்கும் கைகள் வயதானவர்களுடையவையும் பெண்களுடையவையும்தான். போதாக்குறைக்குக் குரங்குகளை விரட்டவும் ஆள் வேண்டும். குரங்குத் தொல்லையால் நிலத்தைத் தரிசாகப் போட்டவர்கள் இமாச்சலத்தில் பலர்.

எவ்வளவு குறைந்தால் தாங்கும்?

இரசாயனத்தைக் கைவிட்டால் விளைச்சல் குறையுமா என்பதே எல்லாரும் கேட்கும் கேள்வி. எவ்வளவு குறைந்தால் தாங்கும் என்று கேட்பது அதைவிடப் பயனுள்ளது. எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு வயலில் 100 ரூபாய்க்கு விளைகிறது. வெளியிலிருந்து வாங்கும் பொருள்களுக்கு 30 ரூபாய் செலவு. மிச்சம் 70 ரூபாய். இயற்கை முறையில் இச்செலவு 10 ரூபாயாகக் குறைந்தால் விளைச்சலின் மதிப்பு 80 ரூபாயாக இறங்கும்வரை அதே 70 ரூபாய் மிஞ்சும். அதாவது 20 சதவீதக் குறைவைத் தாங்கலாம். வாங்கும் பொருள்களின் செலவு முதலிலேயே 10 ரூபாயாக இருந்து, அது 5 ரூபாயாகக் குறைந்தால்? 5 சதவீத விளைச்சல் குறைவையே தாங்க முடியும். சேமிப்பு எவ்வளவோ அவ்வளவே தாங்கும் சக்தி. கூடுதல் உழைப்புக்குக் கூலி எழுதினால் இந்தச் சக்தி இன்னும் குறையும்.

இங்கே ஒரு முரண்பாடு எழுவதைக் காணலாம். முன்பே இரசாயனத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்திய மலையூரில் விளைச்சல் பெரிதாகக் குறையாது. ஆனால் பணச் சேமிப்பும் பெரிதாக இராது. இரசாயனத்தை நிறையப் பயன்படுத்திய தோட்டத்தில் சேமிப்பு பெரிது, ஆபத்தும் பெரிது.

முதல் வகைக்குச் சிக்கிம் நல்ல சான்று. பஞ்சாபில் ஹெக்டேருக்கு 200 கிலோவுக்கு மேல் இரசாயனச் சத்துக்கள் இடப்படும்போது, சிக்கிமில் மாற்றத்துக்கு முன்பும் இட்டது ஹெக்டேருக்குச் சில கிலோ மட்டுமே. எனவே அங்கே கைவிட வேண்டியது அதிகமில்லை.

இரண்டாம் வகைக்கு இமாச்சலத்து ஆப்பிள் தோட்டங்களைச் சொல்லலாம். ஆப்பிளைத் தாக்கும் சொறிநோய் ஒரு பூஞ்சணத்தால் வருவது. 1983ஆம் ஆண்டில் அது இமாச்சலத்தில் கொள்ளைநோயாகப் பரவிப் பெரும் இழப்பை உண்டாக்கியது. அதன் பிறகு மொட்டு விரியும் காலத்திலிருந்து அறுவடைவரை அட்டவணைப்படி மருந்து தெளிப்பது வழக்கமாயிற்று. தோட்டக்காரரின் செலவில் பெரும்பங்கு இதற்கே போகிறது. இதைக் கைவிட்டுப் புளித்த மோரும் இலைக் கசாயமும் தெளிப்பவர்களுக்குச் சேமிப்பு கணிசமானதுதான். ஆனால் வசந்த காலத்தில் தொடர்ந்து மழை பெய்து இலைகள் ஈரமாகவே இருக்கும் ஆண்டில் பூஞ்சணம் விரைந்து பரவும். புள்ளி விழுந்த பழம் உண்ணத் தக்கதாயினும் சந்தையில் கடைசித் தரமாகத் தள்ளப்படும். நல்ல ஆண்டின் இலாபத்தை மட்டும் வைத்து ஆப்பிள் கணக்கை முடிக்க முடியாது. பல ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி காண வேண்டும்.

விலை என்னும் ஊன்றுகோல்

விளைச்சல் குறைவை ஈடுசெய்ய மற்றொரு வழி கூடுதல் விலை. இதிலும் ஒரு சிறு கணக்கு உண்டு. விளைச்சல் 20 சதவீதம் குறைந்தால் விலை 20 சதவீதம் உயர்ந்தால் போதும் என்று தோன்றும். போதாது. 100 கிலோ 80 கிலோவானால் பழைய தொகையைப் பெற விலை 25 சதவீதம் உயர வேண்டும்.

இமாச்சல அரசு 2024இல் இயற்கை முறையில் விளைந்த மக்காச்சோளத்தைக் கிலோ 30 ரூபாய்க்கு வாங்கத் தொடங்கியது. அந்த ஆண்டு மத்திய அரசின் ஆதரவு விலை கிலோவுக்கு 22 ரூபாய் 25 காசு. இது ஏறத்தாழ 35 சதவீதம் கூடுதல். இந்த விலையில் விளைச்சல் கால்பங்கு குறைந்தாலும் வருமானம் குறையாது. இயற்கைக் கோதுமைக்குக் கிலோ 40 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 2025-26ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மக்காச்சோளத்துக்கு 40 ரூபாய், கோதுமைக்கு 60 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. வாங்கிய மக்காச்சோளம் மாவாக்கப்பட்டு ‘ஹிம் போக்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

ஆனால் முதற்பருவத்தில் வாங்கப்பட்டது 400 டன் அளவுதான். அதை விற்றவர்கள் சுமார் 1,500 உழவர்கள். சராசரியாக ஒருவருக்கு மூன்று குவிண்டாலுக்கும் குறைவு. கிலோவுக்கு 7 ரூபாய் 75 காசு கூடுதல் என்றால் ஒருவருக்குச் சராசரி ஆதாயம் 2,000 ரூபாயைச் சற்றே தாண்டும். இது வரவேற்கத்தக்கதே. ஒரு குடும்பத்தை நகரத்துக்குப் போகாமல் தடுத்து நிறுத்த இது மட்டும் போதாது.

சான்றிதழ் மற்றொரு தடை. வாங்குபவர் பழத்தைப் பார்த்து அது எப்படி விளைந்தது என்று சொல்ல முடியாது. எனவே யாராவது உறுதி கூற வேண்டும். சான்றளிக்கும் நிறுவனங்களின் கட்டணத்தை அரை ஏக்கர்க்காரர் தனியே தாங்க முடியாது. உழவர் குழுக்கள் ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதியளிக்கும் பங்கேற்பு முறை செலவைக் குறைக்கிறது. இமாச்சலத்தில் உழவரே தம் விவரங்களைப் பதிவு செய்து நட்சத்திரத் தரம் பெறும் ‘சிதாரா’ என்ற சான்றும் கொண்டுவரப்பட்டது. கட்டணம் இல்லை என்பது இதன் சிறப்பு. தொலைவிலுள்ள வாங்குபவர் இதை எவ்வளவு நம்புவார் என்பதைப் பொறுத்தே இதன் விலைமதிப்பு.

சான்று கிடைத்த பிறகும் தனிச்சந்தை வேண்டும். சிக்கிமின் முக்கியப் பணப்பயிர்கள் பெரிய ஏலக்காய், இஞ்சி, மஞ்சள், ஆரஞ்சு ஆகியவை. அங்கிருந்து இறங்கும் சாலை மழைக்காலத்தில் மண்சரிவால் அடிக்கடி மூடப்படும். இஞ்சி அழுகுமுன் சிலிகுரிச் சந்தையை அடைய வேண்டும். அங்கே அது சாதாரண இஞ்சியோடு கலந்துவிட்டால் அங்ககச் சான்று வெறும் காகிதமே. மலையிலேயே இஞ்சியை உலர்த்தவும் பொடியாக்கவும் வசதி இருந்தால் எடை குறையும், கெடாது, தனிப்பெயரோடு விற்கலாம். மலைநாட்டுக்கு ஏற்ற பொருள் எடை குறைந்து விலை மிகுந்ததாக இருக்க வேண்டும் என்ற பழைய வணிக விதி இங்கும் பொருந்துகிறது.

இடைக்காலப் பள்ளம்

பழைய முறையை விட்டுப் புதிய முறைக்கு மாறும் ஆண்டுகளே மிகவும் கடினமானவை. மண்ணில் மட்கும் நன்மை செய்யும் பூச்சிகளும் பெருகச் சில ஆண்டுகள் ஆகும். இந்திய அங்ககச் சான்று விதிகளின்படி ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகளும் பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டுகளும் மாறுதல் காலம். இக்காலத்தில் விளைச்சல் குறைவாகவும் இருக்கும், முழுச் சான்று பெற்ற விளைபொருளின் விலையும் கிடைக்காது. இது இரு கரைகளுக்கு இடையிலுள்ள பள்ளம். கையிருப்பு உள்ளவர் தாண்டுவார். கடன் உள்ளவர் விழுந்துவிடலாம்.

சிக்கிம் இந்தப் பள்ளத்தைத் தாண்டப் பதின்மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 2003இல் சட்டமன்றத் தீர்மானம், பின்னர் இரசாயன உரத்துக்கான மானியத்தைப் படிப்படியாகக் குறைத்தல், 2010இல் தனி இயக்கம், 2014இல் சட்டம், 2016 ஜனவரியில் முழு அங்கக மாநிலம் என்ற அறிவிப்பு. சுமார் 75,000 ஹெக்டேர் சான்று பெற்றது.

இலங்கையில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. மாற்று எருவைத் திரட்டவும் பயிற்சி தரவும் அவகாசம் இல்லை. நெல்லும் தேயிலையும் பாதிக்கப்பட, அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. தேயிலைச் செடியின் விளைபொருளே இளந்தளிர் ஆதலால் தழைச்சத்துக் குறைவு அதில் உடனே தெரியும். 2021இல் 29.9 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. அவ்வாண்டின் எரிபொருள் தட்டுப்பாடும் வீழ்ச்சிக்கு ஒரு காரணம். எனினும் கொழுந்தின் எடைக்கேற்பக் கூலி பெறும் மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் வருவாயை இது நேராகத் தாக்கியது. இரசாயனத்தை விடுவது சரியா தவறா என்பதைவிட, எவ்வளவு வேகத்தில், எந்த மாற்றோடு விடுவது என்பதே இங்கே பாடம்.

இமாச்சல உழவர்கள் இந்தப் பாடத்தைத் தாமே கற்றிருக்கிறார்கள் போலும். 2025ஆம் ஆண்டு அம்மாநில அரசு தந்த விவரப்படி 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட உழவர்கள் சுமார் 38,000 ஹெக்டேரில் இயற்கை முறையைக் கையாண்டார்கள். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு 0.17 ஹெக்டேர், அதாவது 43 சென்ட். அங்கே ஒரு குடும்பத்தின் சராசரி நிலமோ ஒரு ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே பெரும்பாலோர் நிலத்தில் ஒரு துண்டை மட்டுமே மாற்றிச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று ஊகிக்கலாம். முதலில் வீட்டுக்குத் தேவையான காய்கறியும் பயறும், பிறகு தானியம், கடைசியில் பணப்பயிர் என்பது அறிவுள்ள வரிசை. சோதனை தோற்றாலும் அடுப்பு அணையாது.

செலவை யார் ஏற்பது?

இனி அரசின் கணக்குக்கு வருவோம். 2022-23ஆம் ஆண்டில் இந்திய அரசு உர மானியத்துக்குச் செலவிட்டது ஏறத்தாழ 2.5 லட்சம் கோடி ரூபாய். இந்த மானியம் உர மூட்டையோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. மூட்டை வாங்குபவருக்கு மானியம் உண்டு. வாங்காத மலையுழவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற இயற்கை வேளாண்மைத் தேசிய இயக்கத்துக்கு ஒதுக்கப்பட்டது 2,481 கோடி ரூபாய். முன்சொன்ன ஓராண்டு உர மானியத்தில் இது நூறில் ஒரு பங்கு.

உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலத்துக்கு, மிச்சமாகும் மானியத்தில் பாதியை வழங்கும் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. வழி சரியானதே. ஆனால் முன்பே உரம் குறைவாக இட்ட மாநிலத்தில் குறைக்க என்ன இருக்கிறது? நல்லபடி நடந்தவர்களுக்குப் பரிசு குறைவு என்ற விபரீதம் இதில் ஒளிந்திருக்கிறது.

மலையில் நஞ்சில்லாமல் பயிரிடுவதன் நன்மை மலையோடு நின்றுவிடுவதில்லை. சட்லெஜ், பியாஸ், தீஸ்தா போன்ற ஆறுகள் மலைவயல்களைக் கழுவிக்கொண்டுதான் சமவெளிக்கு வருகின்றன. மூடாக்கிட்ட படிவயலில் மண் அரிப்புக் குறையும், மழைநீர் உள்ளே இறங்கும், கீழேயுள்ள அணையில் வண்டல் குறையும். இந்த நன்மையைப் பெறுபவர்கள் கீழே இருக்கிறார்கள். அதற்காக உழைப்பவர் மேலே இருக்கிறார். அவர் விற்கும் மக்காச்சோளத்தின் விலையில் இந்த நன்மைக்கு இடமில்லை. அதை எழுதிக்கொடுக்க வேண்டியது பொதுப் பணம்தான்.

விடை என்ன?

மலைநாட்டில் இரசாயனமில்லா வேளாண்மை இலாபம் தருமா என்ற கேள்விக்கு இப்போது நிபந்தனைகளோடு விடை கூறலாம். வீட்டில் பசுவும் வரப்பில் தீவனமும் அருகில் சருகும் இருந்து, பயறு கலந்து பயிரிட்டு, வாங்கும் பொருள்களின் செலவு முன்பு அதிகமாக இருந்த குடும்பத்துக்கு அது பெரும்பாலும் இலாபம் தரும். கை குறைந்த, தீவனம் வாங்கும், ஒற்றைப் பணப்பயிரை நம்பிய குடும்பத்துக்கு உதவியின்றி மாறுவது ஆபத்து. நல்ல விலையும் பொறுமையான கால அவகாசமும் மாறுதல் காலத்துக்கான ஈடும் கிடைத்தால் இரண்டாம் வகைக் குடும்பமும் முதல் வகையாக மாற முடியும்.

மாணவர்கள் இதைத் தம் ஊரிலேயே சோதிக்கலாம். அருகிலுள்ள ஓர் உழவரிடம் சென்று ஒரு பயிருக்கு மூன்று பத்திகளில் கணக்கெழுதுங்கள். முதல் பத்தியில் ரூபாய். இரண்டாவதில் நிலத்திலிருந்து போன விளைபொருளும் நிலத்துக்குத் திரும்பிய எருவும் தழையும். மூன்றாவதில் ஒவ்வொருவரும் உழைத்த மணிகள். யார் உழைத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூன்றாவது பத்தியை நிரப்பத் தொடங்கும்போது வீட்டுப் பெண்களிடம் கேட்க மறக்க வேண்டாம். வழக்கமான கணக்குப் புத்தகங்களில் விட்டுப்போன செலவுகளில் பெரும்பாலானவை அவர்களுக்குத்தான் தெரியும்.